வலி இல்லாத நாளில் எதற்கு மாத்திரை?

ஒற்றைத் தலைவலிக்கான தடுப்பு மருந்து மூளைக்குள் என்ன செய்கிறது?

பழவேற்காட்டில் பனையோலைப் பெட்டி முடையும் சகோதரி ஒருவர், அண்மையில் மருத்துவ முகாமுக்குத் தம் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஒற்றைத் தலைவலிக்காக மூன்று மாதங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்த மாத்திரைகள். எண்ணிப் பார்த்தால் ஒன்பது மட்டுமே தீர்ந்திருந்தன.

"ஏம்மா, சாப்பிடலையா?"

"சாப்பிட்டேன் டாக்டரம்மா. ஆறாம் நாளே மறுபடியும் வலி வந்துடுச்சு. அப்புறம் என் தம்பி போன்ல பார்த்துட்டு, இது மனசு சரியில்லாதவங்களுக்குக் கொடுக்கிற மாத்திரைன்னு சொன்னான். வலி இல்லாத நாள்ல அதை எதுக்குத் திங்கணும்னு விட்டுட்டேன்."

விட்டுவிட்டு என்ன செய்தார்? கடையில் வாங்கிய வலி மாத்திரையை வாரத்தில் நான்கைந்து நாள் விழுங்கி வந்தார். வலியும் முன்பைவிட அதிக நாட்கள் வரத் தொடங்கியிருந்தது.

இவர் கேட்ட கேள்வி நியாயமானது. வலிக்காத நாளில் எதற்கு மாத்திரை? இதற்கு விடை தெரியாததால்தான் நம் குப்பங்களிலும் தெருக்களிலும் பலர் நல்ல மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, கூடாத மருந்தைக் கணக்கின்றி விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விடை மூளைக்குள் இருக்கிறது.

இது வெறும் தலைவலி அல்ல

ஒற்றைத் தலைவலி என்றும் மைக்ரேன் என்றும் சொல்லப்படும் இந்த நோய், மருந்தில்லாமல் விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம் விண்விண் என்று தெறிக்கும். சிலருக்கு இரு பக்கமும் வலிக்கும். குமட்டல் வரும். வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாது. நடந்தாலே வலி கூடும்.

நம் ஊரில் இதைத் "தலையில் நீர் கோத்திருக்கு" என்பார்கள், "சைனஸ்" என்பார்கள். வேலைக்குச் சோம்பல் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. ஆனால் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் கர்நாடகத்தில் 18 முதல் 65 வயதுள்ளவர்களிடம் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கில், ஓராண்டுக்குள் நான்கில் ஒருவருக்கு மைக்ரேன் வந்திருந்தது. 2015-இல் வெளியான அந்த ஆய்வு பக்கத்து மாநிலத்தைப் பற்றியதுதான். ஆனாலும் இந்த நோய் நம்மிடையே எவ்வளவு சாதாரணம் என்பதை அது காட்டுகிறது. உலகம் முழுவதும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

பழகிக்கொள்ளாத மூளை

வலி இல்லாத நாளிலும் மைக்ரேன் உள்ளவரின் மூளை மற்றவர்களின் மூளையிலிருந்து சற்று மாறுபட்டே இயங்குகிறது. விஷயத்தின் ஆணிவேர் இதுதான்.

ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு நாலு நாளில் இயந்திரச் சத்தம் காதில் விழாமல் போய்விடும். சத்தம் குறைவதில்லை, மூளை அதற்குப் பழகிவிடுகிறது. பெல்ஜியத்தில் லியேஜ் நகரின் ழான் ஷோனன் குழுவினரும் வேறு பல ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்தார்கள். தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டி, மூளையில் எழும் மின்னலையைக் கணக்கிட்டார்கள். மற்றவர்களுக்குப் போகப் போக அந்த அலை சிறுத்தது. மைக்ரேன் உள்ள பலருக்கு வலியில்லாத நாட்களிலும் அது சிறுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோலவே மூளை பதில் கொடுத்தது.

இதை நம் ஏரியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஏரி தளும்ப நிறைந்திருக்கும்போது சின்னக் காற்றுக்கும் தண்ணீர் கரை ஏறும். நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது பெருங்காற்றும் ஒன்றும் செய்யாது. மைக்ரேன் உள்ளவரின் மூளை தளும்பி நிற்கும் ஏரி போன்றது. தூக்கக் குறைவு, பசி, வெயில், மாதவிடாய் எல்லாம் காற்று. கரை ஏறிய தண்ணீர்தான் வலி.

மெல்ல நகரும் அலை

வலி வருவதற்கு முன் சிலருக்குக் கண்ணில் மின்னல்போல் வளைகோடுகள் தெரியும். பார்வையில் ஒரு பகுதி மறையும். கை, உதடு மரத்துப்போகும். 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இது நீடிக்கும். அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் லாஷ்லிக்கு இப்படி வருவதுண்டு. கண்ணில் தெரியும் கோடு நகரும் வேகத்தை அவர் வரைந்து கணக்கிட்டு, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-இல் எழுதினார்.

மூன்று ஆண்டுகளில், 1944-இல், பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடெஸ் லியாவோ முயலின் மூளையில் அதே மாதிரி ஓர் அலையைக் கண்டார். முதலில் நரம்பணுக்கள் ஒருசேரக் கிளர்ந்தெழுகின்றன. பின்பு அந்த இடம் சில நிமிடங்கள் ஓய்ந்துபோகிறது. இந்தக் கிளர்ச்சியும் ஓய்வும் பக்கத்து இடங்களுக்கு மெல்லப் பரவுகின்றன. 2001-இல் அமெரிக்காவில் ஒருவருக்குக் கண்ணில் கோடுகள் தெரிந்துகொண்டிருந்தபோதே எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், மனித மூளையிலும் இப்படிப்பட்ட அலை நகர்வது தெரிந்தது. இந்த அலை மூளையைச் சுற்றியுள்ள சவ்வின் வலி நரம்புகளைத் தூண்டிவிட வல்லது என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன.

தடுப்பு மருந்து என்ன செய்கிறது?

வலி மாத்திரை, வீட்டுக்குள் வந்துவிட்ட தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றுகிறது. தடுப்பு மருந்து ஏரியின் நீர்மட்டத்தையே குறைக்கிறது. அதனால்தான் அதைக் காற்று இல்லாத நாளிலும் சாப்பிட வேண்டியிருக்கிறது.

இதற்குத் தெளிவான சான்று 2006-இல் கிடைத்தது. பாஸ்டன் நகரில் ஜெங்க் அயாட்டாவும் மைக்கேல் மாஸ்கோவிட்ஸும் அவர்களுடைய குழுவினரும், மைக்ரேனைத் தடுக்கக் கொடுக்கும் ஐந்து மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட், வால்ப்ரோயேட், மெத்திசெர்ஜைட் ஆகிய ஐந்தும் வெவ்வேறு வகை மருந்துகள். ஒன்று இதயத்துக்கு, ஒன்று மனச்சோர்வுக்கு, இரண்டு வலிப்புக்கு என்று பெயர் பெற்றவை. ஆனால் வாரக்கணக்கில் தினமும் கொடுத்தபோது ஐந்துமே அந்த அலைகளின் எண்ணிக்கையை 40 முதல் 80 சதவீதம் வரை குறைத்தன. அலையைக் கிளப்பவே முன்பைவிடப் பலமான தூண்டுதல் தேவைப்பட்டது. இரண்டு விவரங்களை நாம் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்ததில் பலன் இல்லை. எவ்வளவு நாள் தொடர்ந்து கொடுத்தார்களோ அவ்வளவுக்குப் பலன் கூடியது.

அந்தச் சகோதரிக்கு ஆறாம் நாள் வலி வந்தது மருந்து தோற்றதற்கு அடையாளம் அல்ல. அது வேலை செய்யத் தேவையான காலம் இன்னும் ஆகவில்லை.

மனிதர்களிடமும் மாற்றத்தை அளந்திருக்கிறார்கள். லியேஜ் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், புரோப்ரனலால் வகையைச் சேர்ந்த மருந்துகளைச் சில மாதங்கள் சாப்பிட்டவர்களுக்குச் சத்தத்துக்கு மூளை காட்டும் மிகையான பதில் தணிந்திருந்தது. வைட்டமின் பி2 மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் தலைவலி குறைந்தது. ஆனால் மூளையின் மின்பதிலில் அந்த மாற்றம் இல்லை. எல்லா மருந்தும் ஒரே வழியில் போவதில்லை என்பதை இது காட்டுகிறது. ஒன்று ஒத்துவராவிட்டால் மருத்துவர் இன்னொன்றை மாற்றித் தருவதற்குக் காரணமும் இதுவே.

2018 முதல் சி.ஜி.ஆர்.பி. என்னும் வலிக்கடத்திப் பொருளைத் தடுக்கும் ஊசிகளும் வந்துள்ளன. இவற்றில் முதலாவதான எரெனுமாப் மூளைக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை. முகத்துக்கும் தலைக்குமான வலி நரம்பில்தான் வேலை செய்கிறது. ஆனாலும் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், இந்த ஊசியால் குணம் கண்டவர்களுக்கு மூளையின் ஆழத்தில் உள்ள ஹைப்போதலாமஸ் பகுதியின் செயல்பாடும் குறைந்திருந்தது. வாசலில் காவல் போட்டால் வீட்டுக்குள்ளும் அமைதி வருகிறது. இந்த ஊசிகளின் விலை இப்போதைக்கு நம்மில் பலருக்கு எட்டாதது. புரோப்ரனலாலும் அமிட்ரிப்டிலினும் பழைய, விலை குறைந்த மருந்துகள். மைக்ரேனைத் தடுப்பதற்கென்றே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புரோப்ரனலால் இருக்கிறது.

"மனநோய் மாத்திரை" என்ற பயம்

போனில் மருந்தின் பெயரைத் தேடினால் "மனச்சோர்வு" என்றும் "வலிப்பு" என்றும் வருவது உண்மைதான். அதைப் பார்த்துப் பெண் வீட்டார் மருந்தை மறைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நிறுத்தியும் விடுகிறார்கள்.

ஒரு மருந்துக்கு ஒரு வேலைதான் என்று இல்லை. சர் ஜேம்ஸ் பிளாக் 1960-களில் இதய நோய்க்காக உருவாக்கியதுதான் புரோப்ரனலால். நெஞ்சுவலிக்காக அதைச் சாப்பிட்டவரின் தலைவலி குறைந்ததை 1966-இல் மருத்துவர்கள் தற்செயலாகக் கவனித்தார்கள். அதைச் சாப்பிடும் மைக்ரேன் நோயாளியை யாரும் இதய நோயாளி என்பதில்லை. அதேபோல் அமிட்ரிப்டிலின் சாப்பிடுவதால் ஒருவர் மனநோயாளி ஆகிவிடுவதில்லை. மைக்ரேனுக்குக் கொடுக்கும் அளவும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பொதுவாகக் குறைவு. மனநோய் இருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

வலி மாத்திரையே வலியைத் தரும்போது

பாரசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரைகளையும் டிரிப்டான் வகை மாத்திரைகளையும் 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் விழுங்கினால், அந்த மாத்திரைகளே தினசரித் தலைவலியை உண்டாக்கும். நீர்மட்டம் இன்னும் ஏறிவிடும். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் தனி. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வலி மாத்திரை தேவைப்படுகிறது என்றால், தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்கும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மாதத்தில் நான்கு நாளோ அதற்கு மேலோ வலியால் வேலை கெடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

நம் ஊர்க் காற்றுகள்

பாடு முறையில் இரவு வலைக்குப் போகிறவர்களுக்குத் தூக்கம் துண்டு துண்டாகிறது. காலையில் வெறும் வயிற்றோடு ஏரியின் மேல் எதிரொளிக்கும் வெயிலைப் பார்த்துக்கொண்டு திரும்புகிறார்கள். விளிம்புள்ள தொப்பி, ஒரு குப்பி தண்ணீர், கையில் கொஞ்சம் ரொட்டி இருந்தாலே காற்று பாதி அடங்கும்.

தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று பெண்கள் சொல்வதைச் சிலர் கேலி செய்வார்கள். மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 2006-இல் இதைப் பற்றியே எழுதினார்: 1,500 இந்திய மைக்ரேன் நோயாளிகளில் 94 பேருக்குத் தலைக்குக் குளிப்பது வலியைத் தூண்டியது. ஆகவே அது கற்பனை அல்ல. குளிக்காமல் இருப்பதும் தீர்வல்ல. நீர்மட்டம் குறைந்தால் குளிப்பு தாங்கும்.

நோன்பு இன்னொன்று. நெகேவ் பகுதியில் மைக்ரேன் உள்ள 32 முஸ்லிம்களிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. மற்ற மாதத்தில் சராசரியாக 3.7 நாட்கள் வந்த வலி, ரமளானில் 9.4 நாட்களாகக் கூடியிருந்தது. தண்ணீர் குறைவு, தூக்க மாற்றம், தேநீர் திடீரென்று நின்றுபோவது எல்லாம் இதற்குக் காரணமாகலாம். ஷஅபான் மாதத்திலேயே தேநீரைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஸஹரைத் தவறவிடாதீர்கள். தடுப்பு மருந்தை ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கினால்தான் பலன் அப்போது கைக்கு வரும். பல தடுப்பு மருந்துகளை இரவு ஒரே வேளையாகவோ, இஃப்தாருக்கும் ஸஹருக்குமாகவோ மாற்றி அமைக்கலாம். அதை மருத்துவரே செய்ய வேண்டும். அப்படியும் தாங்க முடியாதவர்கள், நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை பற்றி ஆலிம்களிடம் தயங்காமல் கேளுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம், எதில் கவனம் வேண்டும்

பலன் தெரியச் சரியான அளவில் குறைந்தது எட்டு வாரங்கள் ஆகும். வலி அடியோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாதம் பத்து நாள் வந்தது ஐந்து நாளானால் மருத்துவர்கள் அதை வெற்றி என்பார்கள். பலன் கிடைத்தால் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடர்ந்துவிட்டு, மருத்துவர் சொல்படி மெல்லக் குறைப்பார்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரோப்ரனலால் ஆகாது. அதைச் சாப்பிடுபவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. தலைசுற்றல் வரக்கூடும் என்பதால் தோணியில் சட்டென்று எழுந்து நிற்க வேண்டாம். அமிட்ரிப்டிலின் தூக்கத்தையும் வாய் வறட்சியையும் மலச்சிக்கலையும் தரலாம். இரவில் சாப்பிட்டால் பகல் மயக்கம் குறையும். டோபிரமேட் சாப்பிட்டால் விரல் நுனிகள் மதமதக்கலாம், வியர்வை குறையலாம், சிறுநீரகக் கல் வரலாம். வெயிலில் வேலை செய்பவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வால்ப்ரோயேட்டும் டோபிரமேட்டும் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று அவருடைய மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள்.

இவை இருந்தால் காத்திருக்காதீர்கள்

இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் கோணல், பேச்சுக் குழறல், வலிப்பு, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வரும் தலைவலி, கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பின்போ புதிதாக வரும் கடும் தலைவலி. இவை வேறு நோயின் அடையாளமாக இருக்கலாம். 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒரு நாட்காட்டி போதும்

முகாமுக்கு வந்த சகோதரியிடம் டாக்டரம்மா இவற்றையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பழைய அட்டைகளின் காலாவதி தேதியைப் பார்த்துவிட்டு, அதே மருந்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். ஒரு தினசரி நாட்காட்டியைக் கையில் கொடுத்தார். வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம். வலி மாத்திரை சாப்பிட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. தடுப்பு மாத்திரை சாப்பிட்ட இரவுக்கு ஒரு கோடு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம்.

"தம்பி கேட்டா என்ன சொல்ல?" என்றார் அந்தச் சகோதரி.

"மூளை அமைதியா இருக்கப் பழகுது, அதுக்கு ரெண்டு மாசம் ஆகும்னு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

இரண்டு மாதம் கழித்து அந்த நாட்காட்டியோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், வருவார். உங்கள் வீட்டிலும் பாதியில் நின்ற மாத்திரை அட்டை பெட்டிக்குள் கிடந்தால், அதை நீங்களாக மறுபடி தொடங்கவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். எடுத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்த மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், ஏன் நிறுத்தினீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.